பொதுக் கணினி: வரிசையில் தமிழுக்கும் ஓர் இடம்

செயற்கை நுண்ணறிவு என்றதும் நம் நினைவுக்கு வருவது, கேட்ட கேள்விக்குக் கைத்தொலைபேசித் திரையில் பதில் எழுதும் மென்பொருள்தான். இடுபணி முடிக்க அதன் உதவியை நாடாத மாணவர்கள் இன்று வளாகத்தில் மிகக் குறைவு. ஆனால், அந்த மென்பொருள் எந்த இயந்திரத்தில் பயிற்சி பெற்றது, அந்த இயந்திரத்துக்குப் பணம் கொடுத்தவர் யார், அதில் தமிழுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கப்பட்டது என்ற கேள்விகளை நாம் எழுப்புவதில்லை. கணினியியல் இறுதியாண்டு மாணவியான எனக்கு இக்கேள்விகள் ஆய்வேட்டின் வழியாகவே எதிர்ப்பட்டன. தேடிப் படித்தபோது, மக்கள் வரிப்பணத்தில் இயங்கும் ‘பொதுக் கணினி’ என்ற ஏற்பாட்டைப் பற்றி நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. கணினித் துறை சாராத தோழர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் கலைச்சொற்களைக் குறைத்தே எழுதுகிறேன்.

ஏன் இத்தனை இயந்திரங்கள்?

ஒரு மொழி மாதிரி என்பது அடிப்படையில் எண்களின் பெருந்தொகுப்பு. ‘காலையில் எழுந்து பல்’ என்று தொடங்கினால் அடுத்து ‘துலக்கினேன்’ வரலாம். ‘கணினி’ வர வாய்ப்பில்லை. இப்படி அடுத்து வரும் சொல்லைச் சரியாகக் கணிக்கும் வரை அந்த எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே போவதைத்தான் பயிற்சி என்கிறோம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் கோடிக்கணக்கான பெருக்கலும் கூட்டலும் தேவை. இவற்றை ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் செய்து முடிக்கும் சில்லுதான் ஜி.பி.யு. கணினி விளையாட்டுக் காட்சிகளை வரைவதற்காக உருவான இந்தச் சில்லு, இன்று செயற்கை நுண்ணறிவின் முதுகெலும்பாகிவிட்டது.

எவ்வளவு வேலை என்பதற்கு ஒரு கணக்கு. மெட்டா நிறுவனம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட லாமா 2 வரிசையில் மிகச் சிறிய மாதிரிக்கு 7 பில்லியன் எண்கள். அதைப் பயிற்றுவிக்க 184,320 ஜி.பி.யு. மணி நேரம் ஆனதாக அந்நிறுவனமே அறிவித்தது. ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். ஆகவே, ஒரே ஒரு சில்லை வைத்துக்கொண்டு இரவும் பகலும் ஓட்டினால் 21 ஆண்டுகள் ஆகும். இன்று தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளை, பட்டம் பெற்று வேலைக்கும் போயிருக்கும்! 2024இல் வந்த லாமா 3.1 வரிசையின் மிகப் பெரிய மாதிரிக்கோ ஏறத்தாழ 30.8 மில்லியன் மணி நேரம் செலவானது. ஒரே சில்லில் என்றால் 3,500 ஆண்டுகள். 16,000க்கும் மேற்பட்ட சில்லுகளை ஒன்றாக இணைத்ததால்தான் அதைச் சில மாதங்களில் முடிக்க முடிந்தது.

இத்தகைய பயிற்சிக்கு ஏற்ற உயர்தரச் சில்லு ஒன்றின் விலையில் நம் நாட்டில் ஏறக்குறைய இரண்டு புதிய மைவி கார்கள் வாங்கலாம். ஒரு மாணவராலோ, நான்கு நண்பர்கள் சேர்ந்து தொடங்கும் சிறு நிறுவனத்தாலோ, ஏன், ஒரு பல்கலைக்கழகத் துறையாலோகூட இத்தகைய இயந்திரங்களை நூற்றுக்கணக்கில் வாங்க இயலாது.

தமிழ்க் கணிமையின் முந்தைய கட்டத்தில் நிலைமை இப்படி இல்லை. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1980களில் முரசு மென்பொருளை உருவாக்கியபோது திறமையும் உழைப்பும் ஒரு மேசைக் கணினியும் போதுமானவையாக இருந்தன. விசைப்பலகையையும் எழுத்துருவையும் ஒரு தனிமனிதர் வீட்டில் அமர்ந்து செய்துவிடலாம். ஒரு மொழி மாதிரியை அப்படிச் செய்ய முடியாது. இந்த வேறுபாட்டை நாம் மனத்தில் இருத்திக்கொள்வது அவசியம்.

பொதுக் கணினி என்றால் என்ன?

தனி ஒருவரால் வாங்க முடியாததைப் பலர் சேர்ந்து வாங்குவது நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. தோட்டத் துண்டாடல் நடந்த காலத்தில், 1960ஆம் ஆண்டில் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். எந்தப் பால்மரத் தொழிலாளியாலும் ஒரு தோட்டத்தை வாங்க முடியாது. ஆயிரக்கணக்கானோரின் சிறு தொகைகள் சேர்ந்தபோது வாங்க முடிந்தது. பொதுக் கணினியும் அதே தத்துவம்தான். இங்கே பங்குப் பணத்துக்குப் பதில் வரிப்பணம். தோட்டத்துக்குப் பதில் இயந்திரம்.

அமெரிக்காவில் 1985ஆம் ஆண்டிலேயே தேசிய அறிவியல் அறநிறுவனம் அரசாங்க நிதியைக் கொண்டு பல்கலைக்கழகங்களில் மீக்கணினி மையங்களை நிறுவத் தொடங்கியது. பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு அத்தகைய இயந்திரங்கள் எட்டாக்கனியாக இருந்ததே அதற்குக் காரணம். அந்த மையங்களை இணைக்கப் போடப்பட்ட வலைப்பின்னல்தான் பின்னர் இணையத்தின் முதன்மைத் தடமாக வளர்ந்தது. அவற்றுள் ஒன்றான இல்லினாய் மையத்தில்தான் 1993இல் மொசைக் உலாவி பிறந்தது. அதை எழுதிய இருவரில் ஒருவர் அப்போது பட்டப்படிப்பு மாணவர். வானிலையும் வேதியியலும் கணக்கிடத் தொடங்கப்பட்ட பொது இயந்திரங்கள் இணைய உலகுக்கே வாசல் திறந்துவிட்டன.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்த ஏற்பாடு புதிய வேகம் பெற்றுள்ளது. 2024 ஜனவரியில் அமெரிக்கா தேசியச் செயற்கை நுண்ணறிவு ஆய்வு வளத் திட்டத்தைச் சோதனை முறையில் தொடங்கியது. ஐரோப்பிய நாடுகள் கூட்டாக மீக்கணினிகளைக் கட்டி, சிறு நிறுவனங்களுக்கும் அவற்றைத் திறந்துவிடுகின்றன. பின்லாந்தின் கஜானி நகரில் உள்ள லூமி மீக்கணினி அவற்றுள் ஒன்று. அதில்தான் பின்னிய மொழிக்கான போரோ என்ற மாதிரி பயிற்சி பெற்றது. பின்னிய மொழி பேசுவோர் 5 மில்லியன் அளவே. தமிழ் பேசுவோரோ, 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் 69 மில்லியன். ஆள் எண்ணிக்கை மட்டும் ஒரு மொழியைக் கணினிக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை என்பது இதிலிருந்தே புலப்படும்.

உள்ளே என்ன நடக்கிறது?

பொதுக் கணினி என்பது ஒரே பெரிய பெட்டி அன்று. ஓர் அறை நிறைய அடுக்குகள்; ஒவ்வோர் அடுக்கிலும் பல கணினிகள்; ஒவ்வொரு கணினியிலும் பெரும்பாலும் நான்கு அல்லது எட்டு ஜி.பி.யு.க்கள். இவற்றை இணைக்கும் அதிவேக வடங்கள்தான் உண்மையான இரகசியம். தைப்பூசத் தேரை நினைத்துப் பாருங்கள். வடம் பிடித்தவர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் தேர் நகரும். ஒருவர் இழுக்க மற்றவர் நின்றால் வடம் தொய்ந்துவிடும். பயிற்சியின்போதும் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எல்லாச் சில்லுகளும் தத்தம் விடைகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதனால்தான் 256 மாணவர்களின் மடிக்கணினிகளை இணையத்தின் வழி சேர்த்தாலும் ஒரு மீக்கணினி ஆகிவிடாது.

பயனீட்டாளர் இந்த அறைக்குள் நுழைவதே இல்லை. தம் அறையில் இருந்தபடியே இணையம் வழி உள்நுழைந்து, ‘இந்த நிரல், இத்தனை சில்லு, இத்தனை மணி நேரம்’ என்று ஒரு கோரிக்கையை விட்டுவர வேண்டும். அதை வரிசையில் நிறுத்துவது ஒரு மென்பொருள். உலகின் பல மீக்கணினிகளில் இவ்வேலையை ஸ்லர்ம் என்ற இலவச மென்பொருள் செய்கிறது. தோட்டத்து லயத்தில் பொதுக் குழாய் இருந்த காலத்தில் குடங்கள் வரிசையில் நின்றதாகப் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். இங்கும் அதே வரிசைதான். ஆனால் விதிகள் சற்று நுட்பமானவை. அண்மையில் அதிகமாகப் பயன்படுத்தியவர் பின்னே தள்ளப்படுவார். நெடுநாள் வராதவர் முன்னே வருவார். பெரிய வேலைக்கு இடம் சேரும்வரை காலியாகக் கிடக்கும் சில்லுகளில் சிறிய வேலைகள் நுழைந்து முடிந்துவிடும். பேருந்தில் ஒரே இருக்கை மிச்சம் இருந்தால், குடும்பத்தோடு நிற்பவரை விட்டுவிட்டுத் தனியாக வந்தவரை ஏற்றிக்கொள்வது போல.

என் ஆய்வேடு, மலேசியத் தமிழர்களின் அன்றாடப் பேச்சை எழுத்தாக மாற்றுவது பற்றியது. இதற்கு விஸ்பர் என்ற திறந்த மாதிரியை அடித்தளமாகக் கொண்டேன். 2022இல் வெளிவந்த அந்த மாதிரி 680,000 மணி நேர ஒலிப்பதிவுகளில் பயிற்சி பெற்றது. தமிழும் ஓரளவு அதற்குத் தெரியும். தெரிந்த மாதிரியை எடுத்து, நம் பேச்சில் மேலும் பழக்குவதற்கு ஆயிரக்கணக்கான சில்லுகள் தேவையில்லை. ஆனால் என் மடிக்கணினியில் உள்ள 4 ஜிகாபைட் நினைவகம் அதற்கும் போதவில்லை. பல்கலைக்கழகக் கணினித் தொகுதியில் ஒரு சில்லைக் கேட்டு விண்ணப்பித்தேன். முதல் முறை 19 மணி நேரம் வரிசையில் நின்ற வேலை, தொடங்கியபின் 7 மணி நேரத்தில் முடிந்தது. தனியார் நிறுவனத்திடம் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்திருந்தால் காத்திருக்க வேண்டியதில்லைதான். ஆனால், ஒருமுறை ஓட்டினால் ஆய்வு முடிந்துவிடுவதில்லை. நான் அந்தப் பயிற்சியை முப்பது முறைக்கு மேல் ஓட்டினேன். கல்விக் கடனில் படிக்கும் ஒருவர் ஒவ்வொரு முறையும் பணத்தை எண்ணிப் பார்த்தால், மூன்றாவது முயற்சியோடு ஆய்வு நின்றுவிடும். பொதுக் கணினி தரும் மிகப் பெரிய வசதி, மறுபடியும் முயன்று பார்க்கும் உரிமைதான்.

மூன்று பேர் விதி

பொதுக் கணினி ஒரு மொழிக்கு என்ன செய்ய முடியும் என்பதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு பிரான்சில் உண்டு. பாரிசுக்கு அருகே உள்ள ஜான் ஸே மீக்கணினி 2019இல் செயல்படத் தொடங்கியது. 1930களில் கல்வி அமைச்சராக இருந்து, பிரான்சின் தேசிய அறிவியல் ஆய்வு மையம் உருவாகப் பாடுபட்டவரின் பெயர் அது. 2022ஆம் ஆண்டு மார்ச் முதல் ஜூலை வரை, 384 ஜி.பி.யு.க்களில் ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஓடி, புளூம் என்ற மொழி மாதிரி அங்கே பயிற்சி பெற்றது. 176 பில்லியன் எண்கள் கொண்ட அந்த மாதிரியை உருவாக்கியது ஒரு நிறுவனம் அன்று. பல நாடுகளைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் தன்னார்வமாகக் கைகோத்த கூட்டு முயற்சி. இயந்திர நேரத்தை வழங்கியது பிரெஞ்சு அரசு. முடிவில் மாதிரி முழுவதும் உலகத்தாருக்குத் திறந்துவிடப்பட்டது.

புளூமில் 46 மொழிகள் இடம்பெற்றன. அவற்றுள் தமிழும் ஒன்று. ஆங்கிலத்துக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு. தமிழுக்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. இந்த அளவைப் பார்த்துச் சலித்துக்கொள்வதைவிட, மொழிகள் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டன என்பதைப் பார்ப்பது பயன் தரும். முதலில் பேசுவோர் எண்ணிக்கையில் பெரிய எட்டு மொழிகளைக் கொண்டு தொடங்கினார்கள். பிறகு மொழிச் சமூகங்களின் பரிந்துரையால் இந்தி, உருது என்று இருந்தது இந்திய மொழிகள் என விரிந்தது. இறுதியாக ஒரு விதி வைத்தார்கள்: ஒரு மொழியை நன்கு அறிந்த மூன்று பேரோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்து, அந்த மொழிக்கான மூலங்களைத் தேர்ந்தெடுக்கவும் அவற்றைச் செம்மைப்படுத்த வழிகாட்டவும் பொறுப்பேற்றால், அந்த மொழி பட்டியலில் சேர்க்கப்படும்.

இந்த விதியைப் படித்த அன்று நான் நெடுநேரம் யோசித்தேன். கோடிக்கணக்கான யூரோ மதிப்புள்ள இயந்திரத்தின் கதவைத் திறக்கக் கேட்கப்பட்டது பணமும் இல்லை, மக்கள்தொகையும் இல்லை. பொறுப்பேற்கும் மூன்று பேர்!

சிங்கப்பூரும் இந்தியாவும்

நம் அண்டை நாடான சிங்கப்பூரில் தேசிய மீக்கணினி மையம் 2015ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. ஆய்வாளர்கள் திட்ட அறிக்கை எழுதி விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பிட்டபின் மணி நேரம் ஒதுக்கப்படும். 2023 டிசம்பரில் சிங்கப்பூர் அரசு 70 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி மதிப்பிலான தேசிய மொழி மாதிரித் திட்டத்தை அறிவித்தது. அதே மாதத்தில் வெளிவந்த சீ-லயன் மாதிரி 11 மொழிகளைக் கற்றது. தமிழ் அவற்றுள் ஒன்று. அதன் 7 பில்லியன் எண் வடிவம், தனியார் நிறுவனம் ஒன்றிடம் வாடகைக்கு எடுத்த 256 ஜி.பி.யு.க்களில் 22 நாட்கள் பயிற்சி பெற்றது. ஓராண்டு கழித்து, 2024 டிசம்பரில், பேச்சைப் புரிந்துகொள்ளும் மெராலயன் வெளிவந்தது. இது மீக்கணினி மையத்தின் ஆஸ்பயர் 2ஏ+ இயந்திரத்தில், 128 ஜி.பி.யு.க்களில் பயிற்சி பெற்றது. சிங்கப்பூர் ஆங்கிலத்தை மையமாகக் கொண்டு தொடங்கிய இம்முயற்சி, 2025இல் வந்த இரண்டாம் பதிப்பில் தமிழையும் மலாயையும் சேர்த்துக்கொண்டது. சொந்த இயந்திரம், வாடகை இயந்திரம் இரண்டையும் ஒரே நாடு பயன்படுத்தியிருப்பதை இங்கே கவனிக்கலாம்.

இந்த மீக்கணினி மையத்துக்கும் தமிழுக்கும் ஒரு பழைய உறவும் உண்டு. 1995ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகள் இணையத்தில் ஏறியபோது தமிழும் ஏறியது. அதன் பின்னணியில் இருந்தவர்கள், கணியன் எழுத்துருவை உருவாக்கிய தமிழ் விரிவுரையாளர் நா. கோவிந்தசாமியும், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக இணைய ஆய்வுப் பிரிவின் டான் டின் வீயும். அதே டான் டின் வீதான் பின்னாளில் தேசிய மீக்கணினி மையத்தின் தலைமை நிர்வாகியாகப் பொறுப்பேற்றார். தமிழ் இணையத்தில் காலூன்றியதற்கு ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தின் கணினியும், அதைத் தமிழுக்குப் பயன்படுத்த முனைந்த ஒரு தமிழாசிரியரும் காரணம் என்றால் மிகையாகாது.

இந்தியா வேறு வழியைத் தேர்ந்தது. 2024 மார்ச்சில் அந்நாட்டு அமைச்சரவை இந்தியாஏஐ திட்டத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 10,371.92 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் அளித்தது. அரசு தானே இயந்திரம் வாங்கவில்லை. தனியார் நிறுவனங்களிடம் ஏலம் கேட்டு, குறைந்த வாடகைக்கு ஒப்புக்கொண்டவர்களைப் பட்டியலிட்டது. அந்த வாடகையிலும் 40 விழுக்காடு வரை அரசே ஏற்கிறது. 10,000 ஜி.பி.யு. என்ற தொடக்க இலக்கைத் தாண்டி, 2025க்குள் 38,000 ஜி.பி.யு.க்கள் பட்டியலில் சேர்ந்தன. மணிக்கு ஏறத்தாழ 65 ரூபாய் என்ற சராசரிக் கட்டணத்தில் மாணவர்களும் புதுத்தொழில் நிறுவனங்களும் விண்ணப்பிக்கலாம். இயந்திரத்தைக் கட்டிமுடிக்கும்வரை காத்திராமல் விரைவில் தொடங்க முடிந்தது இதன் நிறை. மானியம் நின்றால் அரசின் கையில் இயந்திரம் எதுவும் மிஞ்சாது என்பது இதன் குறை.

கிள்ளான் இல்லாத பட்டியல்

சரி, சிங்கப்பூரும் இந்தியாவும் தமிழைக் கவனித்துக்கொள்கின்றனவே, மலேசியத் தமிழ் மாணவர்களாகிய நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கலாம்.

சென்னை ஐ.ஐ.டி.யில் இயங்கும் ஏஐஃபார்பாரத் ஆய்வுக்குழு 2024இல் இண்டிக்வாய்சஸ் என்ற பேச்சுத் தொகுப்பை வெளியிட்டது. 145 மாவட்டங்களுக்குச் சென்று, 22 மொழிகளில், 16,237 பேரிடம் 7,348 மணி நேரப் பேச்சைப் பதிவு செய்திருந்தார்கள். வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்ததைவிட, இயல்பாகப் பேசவிட்டுப் பதிவு செய்ததே மிகுதி. பாராட்டுக்குரிய உழைப்பு. ஆனால் அந்த 145 மாவட்டங்களில் கிள்ளான் இல்லை, சுங்கை சிப்புட் இல்லை, பட்டர்வொர்த் இல்லை. இருக்க வேண்டிய கடமையும் அவர்களுக்கு இல்லை. அவர்கள் இந்திய மக்களின் வரிப்பணத்தில் இந்திய மக்களின் பேச்சைப் பதிவு செய்தார்கள்.

நம் வீட்டுப் பேச்சோ வேறு. ‘பாசார் மாலாம் போயிட்டு மீ கோரேங் தபாவ் பண்ணிட்டு வரேன்’ என்று சொன்னால் நம் வீட்டில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. இதையே ஒரு பேச்சறி மென்பொருளிடம் கொடுத்தபோது, ‘தபாவ் பண்ணிட்டு’ என்பதை ‘தப்பா பண்ணிட்டு’ என்று எழுதிக் காட்டியது. நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால், மருத்துவமனையில் ஒரு மூதாட்டி தன் வலியைச் சொல்லும்போதும், அரசு அலுவலகத்தில் ஒருவர் தன் பிரச்சினையை விளக்கும்போதும் இதே மென்பொருள்தான் நாளை கேட்டுக்கொண்டிருக்கும் என்றால், அது சிரிக்கும் விஷயமன்று.

எழுத்திலும் ஒரு சுமை இருக்கிறது. ‘தமிழ்’ என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோட்டில் அதற்கு ஐந்து குறியீடுகள், பரவலான யு.டி.எஃப்.-8 முறையில் சேமித்தால் 15 பைட்டு. ஆங்கிலத்தில் அதே பெயருக்கு ஐந்து எழுத்து, ஐந்து பைட்டு. ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட மாதிரிகள் தமிழ்ச் சொல்லை மிகச் சிறு துண்டுகளாக வெட்டிவிடுகின்றன. துண்டுகள் கூடக் கூடக் கணக்கும் கூடும். அதாவது, ஒரே கருத்தைச் சொல்லத் தமிழுக்கு அதிக இயந்திர நேரம் செலவாகும். வாடகை கட்டும் இடத்தில் இது அதிகப் பணம்; பொதுக் கணினியில் இது அதிக மணி நேரம். இதை அறிந்து விண்ணப்பத்தில் கேட்பவர் இல்லையென்றால் தமிழுக்கு எப்போதும் பாதிப் பங்குதான் கிடைக்கும்.

நம் நாட்டிலும் கதவுகள் திறக்கத் தொடங்கியுள்ளன. 2024 டிசம்பரில் தேசியச் செயற்கை நுண்ணறிவு அலுவலகம் தொடங்கப்பட்டது. 2025 அக்டோபரில் தாக்கல் செய்யப்பட்ட 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், நாட்டுக்கே உரிய செயற்கை நுண்ணறிவு மேகக்கணிமைக்கு 2 பில்லியன் ரிங்கிட் முதலீடு அறிவிக்கப்பட்டது. மலாயாப் பல்கலைக்கழகம் உட்படச் சில பல்கலைக்கழகங்கள் சொந்தக் கணினித் தொகுதிகளை நடத்தி வருகின்றன.

இவற்றின் மீது கேள்வி எழுப்புவதும் குடிமக்களின் கடமையே. ஐந்தாறு ஆண்டுகளில் பழமையாகிவிடும் இயந்திரத்துக்கு இவ்வளவு செலவு தகுமா? மின்சாரமும் குளிரூட்டும் நீரும் எங்கிருந்து வரும்? பொதுப் பணத்தில் பயிற்சி பெற்ற மாதிரியை ஒரு தனியார் நிறுவனம் பூட்டிவைத்துக்கொள்ளலாமா? ‘மானிய நேரம் பெற்றால் விளைவைப் பொதுவில் வெளியிட வேண்டும்’ என்ற நிபந்தனை இருக்க வேண்டும் என்பது என் கருத்து. புளூமைப் போலத் திறந்துவிட்டால்தான், அடுத்த மாணவர் ஒன்றிலிருந்து தொடங்காமல் நாற்பதிலிருந்து தொடங்க முடியும். 16,000 சில்லுகளை ஒன்றாக ஓட்டும் நிறுவனங்களோடு பெரும்பாலான பொதுக் கணினிகள் போட்டியிட முடியாது என்பது உண்மை. ஆனால் அந்த நிறுவனங்கள் கேட்கவே கேட்காத கேள்விகளுக்கு விடை தேடுவதுதான் பொதுக் கணினியின் வேலை. தபாவ் என்ற சொல் அவற்றுள் ஒன்று.

நாம் கொண்டுபோக வேண்டியவை

பொதுக் கணினிக்கான விண்ணப்பப் பாரங்கள் பெரும்பாலும் நான்கு கேள்விகளைக் கேட்கின்றன. என்ன ஆய்வு? எந்தத் தரவு? எத்தனை மணி நேரம்? முடிவை எப்படி வெளியிடுவீர்கள்? இவற்றுள் மூன்றாவதற்கு மட்டும்தான் கணினியியல் மாணவர் தேவை. மற்றவற்றுக்குத் தமிழ் படித்தவர்களும் மொழியியல், சட்டம், ஊடகவியல் படிப்பவர்களும் தேவை.

என் ஆய்வேட்டுக்காக விடுதித் தோழிகள், அக்கம்பக்கத்தார் என்று அனுமதி பெற்றுச் சேர்த்த பேச்சு ஆறு மணி நேரம். அதை எழுத்தாக்க மூன்று மாதம் ஆனது. எழுத்தாக்கும்போதுதான் பல ஐயங்கள் எழுந்தன. பாசார் என்று எழுதுவதா, பசார் என்று எழுதுவதா? ‘வந்துட்டாங்க’ என்பதை அப்படியே விடுவதா, ‘வந்துவிட்டார்கள்’ என்று திருத்துவதா? மலேசியத் தமிழ்ப் பேச்சை எழுதுவதற்கென்று ஒப்புக்கொண்ட மரபு எதுவும் என் கைக்குக் கிடைக்கவில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டும் பிறகு இடைநிலைப்பள்ளியில் வாரத்துக்குச் சில பாடவேளைகளும் தமிழ் படித்த என்னால் இதைத் தனியே முடிவு செய்ய இயலாது. இது இந்திய ஆய்வியல் துறைத் தோழர்களும் தமிழாசிரியர்களும் சேர்ந்து அமர்ந்து பேச வேண்டிய பொருள். எந்த ஜி.பி.யு.வும் இதைச் செய்து தராது.

ஆகவே, மொழிக் கழகத் தோழர்கள் முன்னும் முன்னாள் மாணவர்கள் முன்னும் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். ஆண்டுதோறும் நாம் நாடகம், சொற்போர், கவியரங்கம் நடத்துகிறோம். அவற்றோடு மலேசியத் தமிழ்ப் பேச்சுத் தொகுப்பு ஒன்றையும் தொடங்குவோம். விடுமுறையில் வீட்டுக்குச் செல்லும் ஒவ்வொருவரும், பெரியவர்களின் இசைவைக் கையொப்பத்துடன் பெற்று, ஒரு மணி நேரப் பேச்சைப் பதிவு செய்து வந்தால், நூறு பேருக்கு நூறு மணி நேரம். பெயர், முகவரி போன்ற தனிப்பட்ட விவரங்களை நீக்கி, எழுத்தாக்கி, யாரும் பயன்படுத்தும் உரிமத்துடன் வெளியிடலாம். நம் நாட்டின் பொதுக் கணினி என்று திறந்தாலும், அன்று நம் கையில் விண்ணப்பம் ஆயத்தமாக இருக்கும்.

இயந்திரத்தை அரசாங்கம் வாங்கிவிடும். அதன் விண்ணப்பப் பாரத்தில் ‘மொழி’ என்ற கட்டத்தில் தமிழ் என்று எழுதி, கீழே பொறுப்பாளர் என்று கையொப்பமிட ஆள் வேண்டும். என் பெயரை எழுதிவிட்டேன். இன்னும் இருவர் வந்தால் தொடங்கிவிடலாம்.